விட்டுப்போன இரண்டு பேர்

அன்புள்ள சில்லுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் அறை ஜன்னலின் உடைந்த கொக்கியை வீட்டுக்காரர் மாற்றிக் கொடுத்தாரா, எல்லாம் அறிய ஆவல். இதற்கு முன்னால் இங்கு அனைவரும் நலம் என்று ஒரு வரி வரவேண்டும். இந்தத் தடவை அதை முதலில் எழுதவில்லை. மறந்துவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறேன், அதன் இடம் வரும்போது எழுதுகிறேன். பயப்படாதே என்று எழுதினால் உடனே பயப்படுகிற பெண் நீ, அதனால் அதையும் எழுதவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். முயன்றேன். போன வாரம் இதைச் சொல்வதற்கென்றே கூப்பிட்டேன், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். இன்னொரு நாள் கூப்பிட்டேன், உனக்கு முடி கொட்டுவதைப் பற்றிப் பேசினோம். அதற்கடுத்த தடவை நீதான் பேசினாய், எனக்கே வரலம்மா, அந்த எட்டுப் பேருக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கப்போறேன், பதினஞ்சாம் தேதிக்குள்ள அந்தப் பொறுப்பு வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன் என்றாய். அழுதாயா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாய். அதன் பிறகு எனக்குப் போனில் நம்பிக்கை போய்விட்டது. கையில் பேனா இருந்தால் பாதியில் பேச்சை மாற்ற முடியாது, மாற்றினால் அடித்தது தெரியும். அதனால் கடிதம். கடையில் மத்தியான நேரம் ஆள் வருவதில்லை, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு என்னம்மா, கதை எழுதுறீங்களா என்றார். இல்ல சார், செய்தி என்றேன்.

முதலில், உன் வேலையைப் பற்றி நான் புரிந்துகொண்டதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், நம் வீட்டு வழக்கப்படி. தப்பு இருந்தால் கோடு போடு. நீ மருந்தியல் படித்துவிட்டு மருத்துவ எழுத்தாளராகச் சேர்ந்தாய். அது என்ன வேலை என்று இங்கு யாருக்கும் இன்றுவரை முழுதாகத் தெரியாது. அத்தை நீ மருந்துச் சீட்டு எழுதுகிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள், அண்ணி, அப்படியே என் முட்டி வலிக்கும் ஒண்ணு எழுதி அனுப்பச் சொல்லுங்க என்று போன மாதம்கூடக் கேட்டாள். அப்பாதான் அவளுக்கு விளக்கினார், டாக்டருக்கு எழுத வராது, எழுதுறவனுக்கு மருந்து தெரியாது, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துலதான் என் பொண்ணு நாற்காலி போட்டு உக்காந்திருக்கா என்று. அத்தை ஐயோ பள்ளமா என்றாள்.

சேர்ந்த புதிதில் உனக்குப் பயிற்சி என்று மூன்று நாள் இருட்டு அறையில் உட்காரவைத்துச் சுவரில் படம் ஓட்டினார்கள். நீ முதல் நாள் குறிப்பெடுத்தாய், இரண்டாம் நாள் குளிரில் நடுங்கினாய், மூன்றாம் நாள் தூங்கினாய். நான்காம் நாள் ஒரு மேசையையும் ஒரு தடிமனான மருந்து ஆய்வு அறிக்கையையும் கொடுத்து, அந்த மருந்தைச் சாப்பிட்டுப் பார்த்த சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி இதை ஒரு பக்கத்தில் எழுது என்றார்கள். எழுதினாய். சிவப்பாகத் திரும்பி வந்தது. ஒருவர் இந்த வரி நீளம் என்று எழுதியிருந்தார், அதே வரிக்கு இன்னொருவர் இங்கே விளக்கம் போதாது என்று எழுதியிருந்தார். இருவருமே உனக்கு மேலே இருப்பவர்கள். அன்றைக்குத்தான் நீ எங்களை வேலையில் சேர்த்துக்கொண்டாய். அம்மா, இதைப் படி, மூடி வை, அப்பாகிட்ட உன் வார்த்தையில சொல்லு, அப்புறம் அப்பா எனக்கு அவர் வார்த்தையில போன்ல சொல்லட்டும், நடுவுல யாரும் தாளைத் திறக்கக் கூடாது என்றாய்.

நான் பயந்துபோய் அதை மனப்பாடம் செய்தேன், ஞாபகமிருக்கிறதா? கமாவோடு ஒப்பித்தேன். நீ சிரித்துவிட்டு, இது உனக்குப் பரீட்சை இல்லம்மா, எனக்கு, வழியில என்ன தொலையுதோ அது என் எழுத்துல இருக்கற ஓட்டை என்றாய். அப்பா உள்ளேயிருந்து, அப்ப எனக்கு மார்க் கிடையாதா என்று கத்தினார். எனக்கு அது பிடிபட நாளாயிற்று. தினமும் கடையில் அதைத்தான் பார்க்கிறேன், இருந்தும். கண் சோதிக்க உட்காருகிறவர்கள் எழுத்து தெரியாவிட்டாலும் தெரிகிறது என்கிறார்கள். முன்னால் உட்கார்ந்தவர் படித்ததைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே சொல்கிறார்கள். தேறிவிட்ட சந்தோஷத்தில் எழுந்து, படியில் தடுக்கிக்கொள்கிறார்கள். ஐயா, சோதனை உங்களுக்கு இல்ல, கண்ணாடிக்குத்தான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு நாம் எத்தனை பக்கங்கள் பார்த்துவிட்டோம். சர்க்கரைக்கான ஊசி, எலும்புத் தேய்மானம், மூச்சிரைப்புக்கு உறிஞ்சுகிற மருந்து. நான் படிப்பேன், மூடுவேன், அப்பா ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கேட்பார், பிறகு உனக்குச் சொல்வார். அந்த மூச்சு மருந்துக்கு அவர் சொன்னது, இழு, உள்ளயே வெச்சுக்கிட்டுப் பத்து எண்ணு, அப்புறம் விடு, எண்ணாம விட்டா மருந்து உனக்கு இல்ல, காத்துக்கு. நீ அதைக் கொஞ்சம் துடைத்து அப்படியே எழுதினாய், மேலே இருக்கிற இருவரும் கை வைக்காமல் விட்டார்கள். லிப்ட் மெக்கானிக் ஒருத்தர் எழுதிய வரி மருந்துப் பெட்டியில் போகிறது என்று அப்பா ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு நீ இந்த முறையை உன் மேலாளர் அம்மாளிடம் சொன்னாய், படம் ஓட்டுவதற்குப் பதில் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே எழுதட்டும், வெளியே இரண்டு பேரைப் பிடித்துத் திருப்பிச் சொல்லவைக்கட்டும், தொலைந்த இடத்தைத் தாங்களே பார்க்கட்டும், சிவப்பு மைக்காரர்கள் அதற்குப் பிறகு வரட்டும் என்று. அவர் இரண்டு பேரை வைத்துச் செய்து பார்த்தார். அவர்கள் சீக்கிரமே தேறினார்கள். அதனால் இந்த வருடம் வருகிற எட்டுப் பேரையும் உன்னிடம் ஒப்படைக்கிறேன், பயிற்சிக்கு நீதான் பொறுப்பு என்றார். அன்றைக்கு நீ போனில் போட்ட கூச்சல் எதிர்வீட்டுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அனுப்பிய மூன்று பக்கங்களில்தான் எல்லாம் குழம்பியது. அந்தத் தோல் களிம்பு. அரிப்பு குறையும், தூக்கம் வரும், சிலருக்கு எரிச்சல் இருக்கலாம், மிக அரிதாக ஒவ்வாமை வரலாம் என்று இருந்தது. அப்பா உனக்குத் திருப்பிச் சொன்னது, தடவினா மூச்சு அடைச்சுப் போயிடலாம்னு போட்டிருக்கு. களிம்பு எதற்கு என்று நீ கேட்டாய். அது சரியா ஞாபகமில்ல என்றார். நீ மாற்றி எழுதினாய், பலனை மேலே கொண்டுவந்தாய். மறுபடியும் மூச்சு அடைப்பு. அடுத்த பக்கத்திலும் ஆபத்து மட்டும்தான் மிஞ்சியது, அதற்கடுத்ததிலும். நான் ஜனங்களைப் பயமுறுத்தறேம்மா, நல்லதை எங்க வெச்சாலும் அப்பா காதுல ஏறல, நாலு வருஷம் எழுதி இதுகூட வரலன்னா எனக்கு என்ன தெரியும் என்றாய். அதிலிருந்துதான் இந்த வேண்டாம்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவு. இனி நீ புரிந்துகொள்ள வேண்டியது.

உன் எழுத்து மாறவில்லை சில்லு. நான்தான் முதலில் படிக்கிறேன், எனக்குத் தெரியும். களிம்பு எதற்கு என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மாறியது அப்பா. பழைய அங்காடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள், லிப்டின் மோட்டார் அறை மேல்மாடிக்கும் மேலே, லிப்ட் ஓடவில்லையென்றால் மெக்கானிக் படியில்தான் ஏற வேண்டும், அடுத்தவர்களைப் படி ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலையில் அது ஒரு வேடிக்கை. கருவிப் பையோடு ஏறினவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்ததாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மேலே போய் வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார், அதைச் சொல்ல வேண்டியதில்லை, உனக்கு அவரைத் தெரியும். வீட்டுக்கு வந்து, படி முன்ன மாதிரி இல்ல, உயரமாக் கட்டிட்டானுங்க என்றார். நான் சிரித்தேன். பிறகு அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. இரத்தம் வெளியே போகிற வாசல். அதை மாற்ற வேண்டும். நெஞ்சைத் திறந்து செய்கிற அறுவை. இருபத்திரண்டாம் தேதி வைத்திருக்கிறார்கள். இங்கே பேனாவை நிறுத்திவிட்டு ஒருவருக்கு மூக்குக் கண்ணாடியின் திருகு முடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இது தெரிந்த அதே வாரத்தில்தான் உன் கூச்சல் போனில் வந்தது. அப்பா ரிசீவரை வைத்துவிட்டு, இப்ப சொல்லாத, சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, அந்தப் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க, அவ சரின்னு எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நீ அனுப்பிய பக்கங்களை வழக்கம்போலப் படித்தேன், மூடினேன், அவரிடம் சொன்னேன். களிம்பு என்றேன், அவருக்குக் கேட்டது அறுவை. ஒவ்வாமை என்றேன், அவர் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். உன் மகிழ்ச்சியைக் காப்பாற்ற ஒன்றை மறைத்தோம், மறைத்ததே போய் அந்த மகிழ்ச்சியைத் தின்றுவிட்டது.

மருத்துவமனையில் அறுவையைப் பற்றி நான்கு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள், படித்துவிட்டுச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடிக் கடைக்காரி நான், எனக்கே எழுத்து போதவில்லை, அவ்வளவு பொடி. யார் எழுதினார்களோ, உன் மாதிரி ஒருவர் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அப்பா அதை மடித்துக் கருவிப் பையில், டெஸ்டருக்கும் கட்டிங் பிளேயருக்கும் நடுவில் செருகிவிட்டார். கையெழுத்து எங்கே என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. படிச்சீங்களா என்றால் ம் என்பார். என்ன புரிஞ்சுது என்றால், ஆள் திரும்பி வராமப் போகலாம், மூளையில அடைப்பு வரலாம், சிறுநீரகம் நிக்கலாம் என்று அடுக்குவார். எதுக்குப் பண்றாங்க என்றால் மோட்டுவளையைப் பார்ப்பார்.

சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிரிக்காதே. நாலு வருடமாக உன் பக்கங்களைப் படிக்கிறேன், ஒரு பக்கம் எழுத வராதா என்று நினைத்தேன். முதல் தடவை எழுதியது இரண்டு பக்கம் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் தடவை சுருக்கினேன், எனக்கே புரியவில்லை. எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, என்னம்மா ஒரு பக்கம்தானே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மூன்றாம் தடவை நன்றாக வந்தது. வாசல் சுருங்கியிருக்கிறது, புது வாசல் வைப்பார்கள், இத்தனை நாள் படுக்கை, இத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது, பிறகு மூச்சு இரைக்காது, மறுபடி மாடி ஏறலாம். ஆபத்து என்கிற இடத்தில் பேனா நின்றது. இவருக்குத்தான் அது ஏற்கெனவே மனப்பாடமாயிற்றே, மறுபடி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அவரிடம் சொன்னேன். அழகாகத் திருப்பிச் சொன்னார், பழைய நாள் போல. வாசல், புது வாசல், படுக்கை, பாரம், மாடி. ஒன்றும் தொலையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உனக்குப் போன் செய்து பீற்றிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, எதற்கு என்று கேட்பாயே என்று அடங்கினேன். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே, அறுவை வேணாம், மாத்திரையிலயே பார்த்துக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாம் புரிஞ்சுதுன்னுதானே சொன்னீங்க என்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். புரிஞ்சுது, நம்பல என்றார். புது லிப்ட் விக்க வர்றவன் இப்படித்தான் பேசுவான், சத்தமே வராது, நிக்கவே நிக்காதுன்னு, அவன் எதை விட்டுட்டுப் பேசறான்னு பார்க்கறதுதான் என் தொழில், நீ எதையோ விட்டுட்ட, நீயே விடறன்னா அது எவ்வளவு பெருசா இருக்கும்? பிறகு மெதுவாக, நம்ம சில்லு எழுதியிருந்தா விட்டிருக்க மாட்டா, அந்தக் களிம்புலகூட அரிதா ஒருத்தருக்கு வருங்கறதை அவ விடல பாரு என்றார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூன்று பக்கங்களாக உன் எழுத்தில் அவருக்குப் பயம் மட்டும்தான் கேட்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் அதை வைத்துத்தான் உன்னை நம்புகிறார்.

அன்றைக்குக் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். அறுவை செய்யப்போகிற டாக்டரம்மா நல்ல மாதிரி, நடந்துகொண்டே பேசுவார், ஆனால் கேட்டால் நிற்பார். எண்ணை எழுதுமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேள் என்று நீ எப்போதும் சொல்வாயே, கேட்டேன். நின்றார். உங்க வீட்டுக்காரர் மாதிரி வயசு, இதே நிலைமை, நூறு பேருக்குப் பண்ணினா ரெண்டு பேரை எங்களால காப்பாத்த முடியாமப் போகலாம், தொண்ணூத்தெட்டு பேர் வீட்டுக்குப் போவாங்க, பண்ணாம விட்டா ரெண்டு வருஷத்துல அந்த நூறுல பாதிப் பேர் இருக்க மாட்டாங்க என்றார். என் தாளை வாங்கிப் பார்த்தார். பாரம் தூக்கக் கூடாத வாரங்களை நான் குறைத்து எழுதியிருந்தேன், பேனாவை வாங்கித் திருத்தினார். இது ரொம்ப முக்கியம்மா, நெஞ்செலும்பு சேரணும் என்றார். உன் சிவப்பு மைக்காரர்கள் மேல் எனக்கு அந்த நிமிடம் கொஞ்சம் மரியாதை வந்தது. திருத்தாமல் விட்டிருந்தால் அப்பா சீக்கிரமே பையைத் தூக்கியிருப்பார்.

அந்த இரண்டு பேரையும் எழுதினேன். ஒளித்து வைக்காமல், கடைசியில் தள்ளாமல். அவர்களுக்குப் பக்கத்திலேயே தொண்ணூற்றெட்டுப் பேரையும், அதற்குக் கீழே, செய்யாவிட்டால் போய்விடுகிற ஐம்பது பேரையும். எழுதும்போது அந்த இருவருக்கும் முகம் இருந்தது. இருந்தாலும் எழுதினேன். நீ இதை ஒவ்வொரு நாளும் செய்கிறாய் என்பதும், முன்பின் தெரியாத யாருடைய அப்பாவுக்காகவோ செய்கிறாய் என்பதும் எனக்கு இதுவரை தெரிந்ததில்லை.

மாலையில் நம் வீட்டுப் படியில், இரண்டாவது திருப்பத்தில், அவர் மூச்சு வாங்க உட்காருகிற இடத்தில் வைத்துச் சொன்னேன். தாள் மடித்து என் கைப்பைக்குள். ஆபத்தைச் சொன்னபோது குரலைத் தாழ்த்தவில்லை. கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிச் சொன்னார், நூறு பேர் லிப்ட்ல ஏறறாங்கன்னு வெச்சுக்கோ, ரெண்டு பேர் மேல போய்ச் சேர மாட்டாங்க, அது நானாவும் இருக்கலாம், ஏறாமக் கீழயே நின்னா பாதிப் பேர் நின்ன இடத்துலயே போயிடுவாங்க, மேல போனவங்களுக்கு மூச்சு இரைக்காது. நிறுத்தினார். பையைத் தூக்கிட்டு மோட்டார் ரூம் வரைக்கும் போகலாம், பாரம் மட்டும் கொஞ்ச நாள் கழிச்சு என்றார். எதற்கு அறுவை என்பது முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வந்தது. நான் கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன, மார்க் குறைஞ்சுடுச்சா என்றார். உங்களுக்கு மார்க்கே கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்றது என்றேன்.

மேலே வந்து கருவிப் பையிலிருந்து அந்த நான்கு பக்கத்தை எடுத்தார், கிரீஸ் பட்டிருந்தது, கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, இப்ப அவளுக்கு எழுது, அந்த ரெண்டு பேரையும் போடு, எனக்குப் பண்ணின மாதிரி அவளுக்கும் விட்டுடாத என்றார். ஆகவே இது அவருக்குத் தெரிந்து எழுதுகிற கடிதம். மறைத்ததற்கு என்மேல் கோபித்துக்கொள், நியாயம்தான். அவர்மேல் இருபத்திரண்டாம் தேதிக்குப் பிறகு கோபித்துக்கொள்.

வா. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், வந்து பத்து நாள் எங்களோடு இரு. ஆனால் கிளம்புவதற்கு முன் அந்தப் பதிலைச் சரி என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வா. பதினைந்து முன்னால் வருகிறது, இருபத்திரண்டு பின்னால், இரண்டுக்கும் நடுவே உனக்கு ஒரு வாரம் இருக்கிறது. அப்பாவுக்கு மூச்சு வாங்குவது உன் எழுத்தால் இல்லை, உன் எழுத்து அவரைப் பயமுறுத்தவும் இல்லை, அவர் முன்பே பயந்துபோய் உன் எழுத்துக்குள் வந்து உட்கார்ந்தார். எனக்கு உன் தொழிலில் ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த எட்டுப் பேரிடமும் ஒன்று கேட்டுப் பார்க்கச் சொல், திருப்பிச் சொல்கிற இரண்டு பேரில் ஒருவராவது ஏதோ ஒன்றுக்குப் பயந்துகொண்டிருப்பவராக இருந்தால் என்ன? ஸ்பேனருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கேட்கிற ஆரோக்கியமான மனிதருக்கா நீங்கள் எழுதுகிறீர்கள்? தாளை நிஜமாகக் கையில் வாங்குகிறவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். அவரை வைத்து நீ மூன்று பக்கம் பழகிவிட்டாய், தெரியாமலேயே. வேறு யார் இதை அவர்களுக்குச் சொல்லப்போகிறார்கள்?

மற்றபடி செய்தி, மாடி வீட்டுக்காரர் மறுபடி தண்ணீர்த் தொட்டி வழியவிட்டார். அத்தை மருத்துவமனையில் என்னோடு மாறி மாறி இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள், மெத்தை மட்டும் நல்லதா இருக்கணும் அண்ணி, என் முட்டி உங்களுக்குத் தெரியும் என்றாள். நீ வரும்போது அவளுக்கு ஏதாவது எழுதிக் கொண்டு வா, வெறும் காகிதமானாலும் பரவாயில்லை. பயணத்தில் தலைக்குத் துணி கட்டிக்கொள், ஜன்னல் பக்கம் தூங்காதே, ஜன்னல் கொக்கியைக் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்யச் சொல், பூட்டாத ஜன்னலை விட்டுவிட்டு வந்தால் இங்கே உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பாய்.

இப்போது அந்த வரி. இங்கு அப்பாவைத் தவிர அனைவரும் நலம். அப்பா நலமாவதற்கு நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்கு வழி இருக்கிறது. மீதி இரண்டையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். நீ எங்கே இருந்தாலும், எதை எழுதினாலும், உன் கையும் கண்ணும் மனசும் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

கடைசியாக ஒன்று. இதைப் படித்து முடித்ததும் மடித்து வை. திறக்காதே. பிறகு எங்களைக் கூப்பிட்டு என்ன புரிந்தது என்று உன் வார்த்தையில் சொல். இருவரும் போன் பக்கத்தில்தான் இருப்போம், அப்பாவும் ஒலிபெருக்கியில் கேட்பார். பயம் மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது என்றால் தப்பு உன்னுடையது இல்லை கண்ணு. நான் மறுபடி எழுதுகிறேன்.

உன்
அம்மா